தழும்பில் தங்கிய கர்ப்பம்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

2009ஆம் வருடம் காவிரிக் கரையில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. மகப்பேறு டாக்டர் என்று அங்கே நான் ஒருத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி மாமியாரோடு வந்தாள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். நாள் தள்ளி ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது, மூன்று நாளாகத் தீட்டு சொட்டுகிறது என்றாள். வெளியில் எடுத்த ஸ்கேன் சீட்டில், கரு கீழே இறங்கிவிட்டது, கலைந்துகொண்டிருக்கிறது என்கிற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தது.

"கழுவிவிட்டா சரியாயிடும்னு அத்தை சொல்றாங்க டாக்டரம்மா" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேசையில் படுக்கவைத்து, சுரண்டும் கருவியான க்யூரெட்டை உள்ளே விட்டேன். வழக்கமாக நாலைந்து முறை சுரண்டியதும் கர்ப்பப்பை சுருங்கிக் கரகரவென்று கைக்குத் தட்டுப்படும், ரத்தம் அடங்கிவிடும். அன்றைக்கு அது நடக்கவில்லை. கீழே வைத்திருந்த பக்கெட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்த சத்தம் மாறி, நீளமாக ஒழுகும் சத்தமானது. கர்ப்பப்பையைச் சுருக்க ஆக்சிடோசின் போட்டேன், மெதர்ஜின் போட்டேன், மிசோப்ரோஸ்டால் வைத்தேன். எதற்கும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த ஸ்டாஃப் நர்ஸ்தான், "ஃபோலி விட்டு பலூனை ஊதிப் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டார். சிறுநீருக்குப் போடும் அந்தக் குழாயை வைத்து, 30 மில்லி தண்ணீர் ஏற்றி, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே 108இல் ஏற்றினோம். மெடிக்கல் காலேஜில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியவில்லை.

நாலு மாதம் கழித்து அவள் என்னைப் பார்க்க வந்தாள். கோபப்பட வரவில்லை. "அந்த ஸ்கேன்லயே இது தெரிஞ்சிருக்குமா டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டாள். படத்தை அவளே எடுத்து வந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரு இருக்கும் பை கர்ப்பப்பையின் நடுவில் இல்லை. முன்பக்கம், மூத்திரப்பைக்கு ஒட்டினாற்போல, பழைய தையல் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு கோடு. தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சிசேரியன் ஆன ஒருத்திக்குக் 'கழுவ வேண்டும்' என்று யார் அனுப்பினாலும் முதலில் படத்தைத்தான் வாங்கிப் பார்க்கிறேன். எவ்வளவு ரத்தம் போகும் என்பதில் பெரும்பகுதி கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தீர்மானமாகியிருக்கும். அதைப் படித்துத் தெரிந்துகொள்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன், டாக்டர்களுக்கு அல்ல, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகும் பெண்களுக்கும் கூட வருகிறவர்களுக்கும்.

அந்த இடத்தில் மட்டும் ஏன்

பிரசவம் ஆனாலும் கரு கலைந்தாலும், கர்ப்பப்பையில் ரத்தம் நிற்பது உறைவதால் மட்டும் அல்ல. கர்ப்பப்பையின் தசை நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, ரத்தக்குழாய்கள் அவற்றின் இடுக்கில் நுழைந்து போகின்றன. கர்ப்பப்பை சுருங்கும்போது நார்கள் அந்தக் குழாய்களை நெரித்து அடைத்துவிடும். நாங்கள் போடும் ஆக்சிடோசின் ஊசியும் இந்தத் தசையை நம்பித்தான்.

சிசேரியன் தையல் ஆறிய இடத்தில் தசை முன்போல் வளர்வதில்லை. கிழிந்த புடவையில் ஒட்டுப் போட்ட மாதிரி, அது வெறும் தழும்பு. சிலருக்கு அங்கே சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். கரு அந்தப் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அதைத்தான் தழும்புக் கர்ப்பம் என்கிறோம், 'ஸ்கார் பிரெக்னன்சி'. நஞ்சுக்கொடியின் வேர் அளவோடு நிற்பதற்கு உள்ளே ஒரு மெத்தை போன்ற படலம் வேண்டும். தழும்பில் அது சரியாக இருக்காது, அதனால் வேர் ஆழமாக இறங்கிவிடும். பிடுங்கினால் குழாய்கள் வாயைத் திறந்தபடி நிற்கும், நெரித்து மூட அங்கே தசை கிடையாது. இன்னொன்றும் உண்டு. ஆரம்ப மாதங்களில் கர்ப்பப்பைக்கு ஆக்சிடோசின் அவ்வளவாக ஏறாது. "ஊசி போட்டா நின்னுடும்" என்று யாராவது சொன்னால், இந்த இடத்தில் அது செல்லாது.

மருத்துவ உலகம் இதை முதலில் சந்தித்ததே ரத்தத்தின் வழியாகத்தான். 1978இல் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் லார்சன், சாலமன் இருவரும் எழுதிய முதல் குறிப்பின் தலைப்பிலேயே, கருக்கலைப்புக்குப் பின் வரும் உதிரப்போக்குக்கு இது ஓர் அபூர்வமான காரணம் என்று இருக்கிறது. முப்பது வருடம் கழித்து நானும் அதே வழியில்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்கேன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு

ஏறக்குறைய இரண்டாயிரம் கர்ப்பத்தில் ஒன்று இப்படி அமையும் என்று கணக்கு. கேட்க அபூர்வமாகத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். தழும்போடு அடுத்த கர்ப்பத்துக்கு வருகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அதே சமயம் ஸ்கேன் எடுப்பவர் வருடத்துக்கு ஒன்றிரண்டைப் பார்த்தாலே அதிகம். அதனால் நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும். மேசையில் படுக்கும்போதே, "எனக்கு முன்னாடி சிசேரியன் ஆகியிருக்கு, கரு தையல் இடத்தில இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியம் பார்க்கும் கண்ணையே திருப்பிவிடும்.

ஆறு, ஏழு வாரத்தில் பார்ப்பது நல்லது. ஒன்பது வாரம் தாண்டினால் பை மேல்நோக்கி வளர்ந்து கர்ப்பப்பைக்குள் நுழைந்துவிடும். பிள்ளை உள்ளே இருக்கிறது, எல்லாம் சரி என்று சீட்டு வந்துவிடும். நஞ்சு மட்டும் தழும்பிலேயே வேர்விட்டுக்கொண்டிருக்கும். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது போதாது, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் வேண்டும். கூச்சப்பட்டு மறுத்துவிடாதீர்கள். மூத்திரப்பையில் கொஞ்சம் நீர் இருந்தால் நடுவிலுள்ள சுவர் தெளிவாகத் தெரியும், முழுக்கக் காலி செய்துவிட்டுப் போக வேண்டாம்.

'லோ லையிங் சாக்' (பை கீழே இறங்கியிருக்கிறது), 'இன்எவிட்டபிள் அபார்ஷன்' (கலைவதைத் தடுக்க முடியாது), 'சர்வைக்கல் பிரெக்னன்சி' (கர்ப்பப்பை வாயில் கரு) என்று சீட்டில் இருந்து, உங்களுக்கு முன்பு சிசேரியனும் ஆகியிருந்தால், கழுவ ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னொருவரிடம் மறுபடி ஸ்கேன் எடுங்கள். கலைந்து இறங்கிவரும் பையை ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தினால் வழுக்கி நகரும், அதைச் சுற்றிப் புது ரத்த ஓட்டம் இருக்காது. தழும்பில் வேர்விட்டது அழுத்தினாலும் நகராது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் சுற்றி வளையம் கட்டி மினுங்கும். எனக்கு வந்த சீட்டில் கலர் படமே இல்லை. இல்லாததைக் கேட்டு வாங்கத் தெரியாத வயது எனக்கு.

தழும்புக் கர்ப்பம்தான் என்று உறுதியான பிறகு, ரத்தம் எவ்வளவு போகக்கூடும் என்று சொல்பவை சில உண்டு.

ஒன்று, வாரம். ஐந்தரை வாரத்தில் வருகிறவளும் ஒன்பது வாரத்தில் வருகிறவளும் ஒரே நோயோடு வருவதாக நான் நினைப்பதில்லை. எட்டு வாரத்தைத் தாண்டினால் பை பெரிதாகியிருக்கும், வேர் ஆழமாகியிருக்கும், குழாய்கள் தடித்திருக்கும். பையின் குறுக்களவு சென்டிமீட்டரில் ஏறிக்கொண்டே போவது இதன் இன்னொரு முகம். "அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னைக்கு வர்றோம்" என்று போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் ஒரு வாரம் என்பது சின்னக் கணக்கு இல்லை.

இரண்டாவது, பைக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே மிச்சம் இருக்கும் தசைச் சுவரின் தடிமன். சீட்டில் மில்லிமீட்டரில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள். 3 மி.மீ. என்பது ஒரு ரூபாய்க் காசு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவுதான். சீனாவின் மகப்பேறு நிபுணர்கள் 2016இல் வகுத்த மூன்று வகையும் இந்த 3 மி.மீட்டரைச் சுற்றித்தான். சுவர் அதைவிடக் கனமாகவும், பையின் பெரும்பகுதி கர்ப்பப்பைக்குள்ளும் இருந்தால் முதல் வகை. பை உள்ளே கொஞ்சம் இருந்தும் சுவர் 3 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் இரண்டாவது. பை முழுக்கத் தழும்புக்குள் புகுந்து மூத்திரப்பைப் பக்கம் பிதுங்கி நின்றால் மூன்றாவது. மூன்றாவது வகைக்காரிக்குக் கீழ்வழியாகக் கருவி விடுவதென்றால் நான் மிகவும் யோசிப்பேன். உறிஞ்சும்போதே சுவர் ஓட்டையாகலாம், அப்புறம் ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள் சேரும். பக்கெட்டைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

மூன்றாவது, கலர் டாப்ளரில் தெரியும் ரத்த ஓட்டம். இதை அளக்க ஸ்கேல் கிடையாது, பார்ப்பவரின் பழக்கம்தான். 'கொஞ்சம்', 'மிதம்', 'அதிகம்' என்றாவது எழுதச் சொல்லுங்கள். கருவின் துடிப்பு நின்று, ரத்தத்தில் பார்க்கும் கர்ப்ப ஹார்மோனான பீட்டா ஹெச்.சி.ஜி. இறங்கிக்கொண்டிருக்கிற கர்ப்பமாக இருந்தாலும், சுற்றிக் குழாய்கள் முடிச்சுப்போல் திரண்டிருந்தால் ஆபத்து குறையவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "துடிப்பே இல்லைங்க, இனிப் பயம் இல்லை" என்று நிம்மதியாகும் இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

துடிப்பு இருப்பதும் ஹெச்.சி.ஜி. பல பத்தாயிரங்களில் இருப்பதும் நஞ்சு உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், அதனால் அவையும் ரத்தத்தைக் கூட்டும். ஆனால் வாரமும் தடிமனும் கலரும் சொல்லாத எதையும் அந்த எண் தனியாகச் சொல்லிவிடாது என்பது என் அனுபவம்.

ஸ்கேனில் தெரியாதவை, நீங்கள் சொல்ல வேண்டியவை

எத்தனை சிசேரியன், கடைசி எப்போது, நடுவில் எத்தனை முறை கழுவியிருக்கிறது. போன பிரசவத்தில் நஞ்சு கீழே இருந்தது, ஒட்டிக்கொண்டது என்று யாராவது சொன்னார்களா. கர்ப்பப்பைக் கட்டி எடுத்த ஆபரேஷன் உண்டா. இதையெல்லாம் டாக்டர் கேட்பார், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கேட்டாலும் பெண்கள் சொல்லாத ஒன்று உண்டு. மாத்திரை. எங்கேயாவது வாங்கி, யாருக்கும் தெரியாமல் கலைக்கும் மாத்திரை போட்டிருப்பார்கள். மாத்திரை மேலே உள்ள நல்ல தசையை முறுக்கும், கீழே தழும்பு சும்மா கிடக்கும். பை பாதி பெயர்ந்து பாதி ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் பாதிப் பெயர்ப்புதான் ராத்திரி இரண்டு மணிக்கு 108ஐக் கூப்பிட வைப்பது. போட்டிருந்தால் தைரியமாகச் சொல்லுங்கள். ஒரு டாக்டர் திட்டினால் திட்டட்டும். மாமியார் எதிரில் சொல்ல முடியாது என்றால், "தனியாப் பேசணும்" என்று நர்ஸிடம் சொன்னால் போதும்.

ஆஸ்பிரின், எக்கோஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி இவற்றைப் போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். குழந்தை தங்குவதற்காகச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இவற்றை நிறையக் கொடுக்கிறார்கள்.

அப்புறம் உடம்பு எடை. எதற்கு எடை என்று கேட்பீர்கள். கிலோவுக்கு சுமார் 65, 70 மில்லி ரத்தம் என்று கணக்கு. 45 கிலோப் பெண்ணின் உடம்பில் மொத்தமே மூன்று லிட்டர். எழுபது கிலோக்காரிக்கு ஒரு லிட்டர் போவதும் இவளுக்கு ஒரு லிட்டர் போவதும் ஒன்றா? இதில் ஹீமோகுளோபின் 8 என்றால், ஓட்டைப் பானையில் முக்கால் தண்ணீர்தான் ஆரம்பத்திலேயே. நம் பெண்களில் பாதிப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தசோகை உண்டு. சிகிச்சைக்கு முன்பே ஒன்றிரண்டு யூனிட் ஏற்றினால், அது பயமுறுத்தி வியாபாரம் செய்வது அல்ல. ஒரு யூனிட் பாக்டு செல் ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராம் ஏறும்.

எந்த வழியில் செய்தால் எப்படி

இலான் டிமோர்-ட்ரிட்ஷ், ஆனா மான்டியகுடோ இருவரும் 2012இல் அதுவரை உலகெங்கும் பதிவான 751 தழும்புக் கர்ப்பங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் வேறு என்னவோ என்று நினைத்திருக்கிறார்கள். 44 சதவீதம் பேருக்குச் சிக்கல். அந்தத் தொகுப்பில் ஸ்கேன் பார்க்காமல் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வெறும் டி அண்ட் சி, அதாவது சுரண்டிக் கழுவுவது, மோசமான வரிசையில் இருந்தது. ஊசி மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்ததும் அதே வரிசையில் இருந்ததுதான் பலரை ஆச்சரியப்படுத்தியது.

ஊசி என்பது மெத்தோட்ரெக்சேட், கரு வளர்வதை நிறுத்தும் மருந்து. கத்தி இல்லை, மயக்கம் இல்லை, வீட்டுக்குப் போகலாம். எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் இடுப்பில் போடும் ஊசி தழும்புக்குள் போய்ச் சேருவது கம்மி. கரு இறந்தாலும் நஞ்சுக் கட்டி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். முதல் சில நாள் ஹெச்.சி.ஜி. ஏறக்கூடச் செய்யும். மூன்றாவது, நாலாவது வாரத்தில், எல்லாம் முடிந்தது என்று கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ரத்தம் கொட்டிய பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். அமெரிக்கத் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2020இல் கொடுத்த வழிகாட்டுதலில் உடம்புக்குப் போடும் மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் நம்ப வேண்டாம் என்று இருக்கிறது. மருந்து என்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைப் பைக்குள்ளேயே விட்டுப் போட வேண்டும். கூர்மையான க்யூரெட்டால் சுரண்டுவதை மட்டுமே நம்பிச் செய்யாதீர்கள் என்பதும் அதில் உண்டு. எனக்கு அது பதினொரு வருடம் தாமதமாக வந்த கடிதம்.

அவர்கள் ஏற்கும் ஒரு வழி, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது. ஆறு, ஏழு வாரம், சுவர் ஓரளவு கனம், பை உள்நோக்கி இருக்கிறது என்றால் எனக்கும் இதுவே பிடிக்கும். முடித்த கையோடு ஃபோலி பலூனை ஊதித் தழும்பு மேல் அழுத்தி வைப்பார்கள். அந்த நர்ஸ் சொன்ன அதே பலூன்தான், இப்போது பாடமாகிவிட்டது. தசை நெரிக்காத இடத்தைத் தண்ணீர்ப்பை நெரிக்கிறது, சூட்சுமம் அவ்வளவுதான். பலூனை எடுப்பதும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை இறக்கி, பகலில், தியேட்டர் ஆட்கள் இருக்கும்போது எடுக்க வேண்டும்.

சுவர் மிகவும் மெல்லிசு, வெளியே பிதுங்கியிருக்கிறது என்றால் லேப்ராஸ்கோப்பியில், அல்லது வயிற்றைத் திறந்து, அந்தத் தழும்பையே வெட்டி எடுத்துப் புதிதாகத் தைப்பதுதான் பத்திரம். கேட்கப் பெரிய ஆபரேஷன். ஆனால் ரத்தக்குழாய் கண்ணெதிரே இருக்கும், பிடித்துக் கட்டலாம். சின்ன ஆபரேஷன், பெரிய ஆபரேஷன் என்ற நம் ஊர் அளவுகோல் இங்கே தலைகீழ்.

தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய்க் கர்ப்பப்பைத் தமனியை அடைக்கும் எம்போலைசேஷன் இருக்கிறது. ரத்த ஓட்டம் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு, உறிஞ்சுவதற்கு ஓரிரு நாள் முன்பு செய்வார்கள். செலவு பிடிக்கும், எல்லா ஊரிலும் ஆள் இல்லை. எல்லோருக்கும் வேண்டியதும் இல்லை.

ஒன்றும் செய்யாமல் கர்ப்பத்தைத் தொடரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைக்கு ஏங்கி வந்தவர்களிடம் இதைப் பேசுவது கஷ்டம். சிலர் தொடர்ந்து குழந்தையும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் நஞ்சு கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து மூத்திரப்பைவரை போவதும், 34, 35 வாரத்தில் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையையும் சேர்த்து எடுப்பதும் அந்தப் பாதையில் நிற்பவை. நடுவில் கர்ப்பப்பை கிழிந்தால் வீடு போய்ச்சேர நேரம் இருக்காது. அதே வழிகாட்டுதல் காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

கையெழுத்து

பேனா கைக்கு வரும்போது இவற்றைக் கேளுங்கள். கோபப்படும் டாக்டரும் உண்டு, ஆனால் கேட்டதற்காக ரத்தப்போக்கு அதிகமாகிவிடாது.

தியேட்டருக்குள்ளேயே ஸ்கேன் மிஷின் இருக்கிறதா, அதைப் பார்த்துக்கொண்டுதான் செய்வீர்களா? இல்லை என்றால் அங்கே வேண்டாம்.

என் குரூப் ரத்தம் க்ராஸ் மேட்ச் செய்து எடுத்து வைத்தாயிற்றா? "பிளட் பேங்க்ல இருக்கு" என்பது பதில் இல்லை. உங்கள் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இந்த க்ராஸ் மேட்ச் செய்யவே முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். நெகட்டிவ் குரூப் என்றால் முந்தின நாளே ஆள் தேட வேண்டும், முடிந்ததும் அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசியையும் ஞாபகப்படுத்துங்கள்.

ரத்தம் நிற்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள், அதற்கு அடுத்து? பலூன், அப்புறம் வயிற்றைத் திறப்பது, அப்புறம் கர்ப்பப்பையை எடுப்பது என்று வரிசையாகச் சொல்கிறவர் யோசித்து வைத்திருக்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறவரிடம் எனக்குப் பயம். 2009இல் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா? ஐ.சி.யு. இந்தக் கட்டடத்திலா? சீமாங்க் மையம் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பிரிவு) உள்ள அரசு மருத்துவமனை, மெடிக்கல் காலேஜ் இவற்றில் இதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்கும். பக்கத்து நர்சிங் ஹோம் சுத்தமாக இருக்கலாம், டாக்டர் குடும்ப டாக்டராக இருக்கலாம், ரத்தம் வருவதற்கு இருபது கிலோமீட்டர் என்றால் அது தூரம்தான்.

இன்னொன்று. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்குக் கருக்கலைப்புச் சட்டப்படி அவள் கையெழுத்து மட்டுமே போதும். துபாயிலிருக்கும் கணவர் போனை எடுக்கவில்லை, அவர் சொல்லாமல் எப்படி என்று இரண்டு நாள் வார்டில் காத்திருந்தவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளைச் சட்டம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

கொஞ்ச நாள் பழுப்பாக, சொட்டாகப் படுவது சகஜம். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் நனைந்து, அடுத்த மணியும் அப்படியே என்றால் கிளம்பிவிடுங்கள். எலுமிச்சை அளவு கட்டி விழுந்தாலும் அப்படியே. நாடியைப் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் நல்லது. சின்ன வயதுப் பெண்களுக்கு பி.பி. கடைசிவரை இறங்காமல் ஏமாற்றும், நாடிதான் முதலில் ஓடும். சும்மா படுத்திருக்கும்போது நூறைத் தாண்டினால், பி.பி.யின் மேல் எண்ணை நாடி எட்டிப்பிடித்தால், வெளியே ரத்தம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எழுந்தால் கண் இருட்டுவது, தோள்பட்டை வலிப்பது, வயிறு உப்புவது இவை உள்ளே கசிவதன் அடையாளம்.

மெத்தோட்ரெக்சேட் போட்டிருந்தால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டும். கர்ப்பிணிக்கு என்று கொடுத்த சத்து மாத்திரையில் அது இருக்கும், பழக்கத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையும் வேண்டாம். ஹெச்.சி.ஜி. முழுக்க இறங்கும்வரை ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். எண் இறங்கிவிட்டதே என்று ஸ்கேனை விட்டுவிடாதீர்கள், கட்டியும் அதன் ரத்த ஓட்டமும் எண்ணைவிடச் சோம்பேறி. டாக்டர் சொல்லும்வரை கணவன் மனைவி சேருவதும், தூர ஊர்ப் பயணமும், கனம் தூக்குவதும் வேண்டாம்.

ஊசிக்குப் பிறகு மூன்று மாதமாவது கரு தங்கக்கூடாது. தழும்பு ஆற நான் அதைவிட நீண்ட இடைவெளி கேட்பேன். பிள்ளை போதும் என்றால் அதற்கான வழியை அப்போதே பேசிவிடுங்கள். இன்னொன்று வேண்டும் என்றால், அடுத்த முறை நாள் தள்ளியதும் பத்து நாளுக்குள் ஸ்கேனுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அதே பள்ளத்தில் மறுபடி தங்குவது உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் 'கருக்கலைப்பு' என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். 'பழைய சிசேரியன் தழும்பில் கர்ப்பம்', எத்தனை வாரம், சுவர் எத்தனை மி.மீ., என்ன செய்தார்கள், எத்தனை யூனிட் ஏற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் படத்தையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். படம் நாளாக ஆக மங்கிப்போகும், போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.